கரீபியன் ஓவியம் பாக்க ஆரம்பிக்கறவங்களுக்கு: எங்க தொடங்கறது, எதைக் கவனிக்கறது

கூகுள்ல கரீபியன் பெயின்டிங்னு போட்டா மொதல்ல வந்து நிக்கறது தென்னைமரம், நீலக் கடல், ரெண்டு மரத்துக்கு நடுவுல தொங்கற ஊஞ்சல், தலைல பழக்கூடை வச்ச ஒரு பொண்ணு, இவ்ளோதான். டூரிஸ்ட்டுங்க வாங்கிட்டுப் போறதுக்காக வரையற படங்க அதெல்லாம். அதுல தப்பு ஒண்ணும் இல்ல, ஆனா அதோட நிறுத்திட்டீங்கன்னா இந்தத் தீவுகள்ல இருந்து வந்த ஓவியம் எவ்ளோ ஆழமானதுன்னு தெரியாமலே போயிடும். சலூன் நாற்காலி, அம்மா நடத்தின கடை, செத்துப்போன குழந்தையச் சுத்தி நடக்கற விருந்து, கரும்பு அறுவடை, இதெல்லாம்தான் அங்கத்த பெரிய ஓவியர்கள் எடுத்துக்கிட்ட விஷயங்க.

இதுக்கு ஆர்ட் காலேஜ் படிச்சிருக்கணும்னு இல்ல. ஃபோன் போதும், லேப்டாப் இருந்தா இன்னும் நல்லது, ஏன்னா படத்த பெருசு பண்ணிப் பாக்கற வேலை நெறைய இருக்கு. ஒரு நோட்டும் வச்சுக்கோங்க. எந்தப் படத்தப் பாத்தாலும் ஒரு கேள்விய மட்டும் விடாதீங்க: வரைஞ்சவர் அந்த எடத்த விட்டு எவ்ளோ தூரத்துல இருந்துக்கிட்டு இத வரைஞ்சார்? தூரம்னா மைல் கணக்கும் உண்டு, வருஷக் கணக்கும் உண்டு, சில படங்கள்ல பணக்காரன் ஏழைங்கற தூரமும் உண்டு. இந்த ஒரு கேள்விதான் எனக்கு இத்தன தீவையும் ஒண்ணா சேத்துப் பாக்கக் கத்துக்குடுத்துச்சு.

மொதல்ல ஒரே ஒரு படம்

தீவு வாரியா லிஸ்ட் போட்டுட்டு ஆரம்பிக்காதீங்க, குழம்பிடும். ஒரு படத்த எடுத்து முழுசா பாருங்க. நான் யார் கேட்டாலும் சொல்றது எல் வெலோரியோ. புவெர்ட்டோ ரிக்கோ ஓவியர் ஃபிரான்சிஸ்கோ ஓயேர் 1893ல முடிச்ச படம், ஏறக்குறைய 8 அடி உயரம் 13 அடி அகலம், இப்ப புவெர்ட்டோ ரிக்கோ பல்கலைக்கழக மியூசியத்துல இருக்கு. செத்துப்போன சின்னக் குழந்தைக்கு ராத்திரி பூரா விழிச்சிருந்து பண்ற ஒரு சடங்கு அது. பாவம் ஒண்ணும் பண்ணாத குழந்தை நேரா தேவதையா சொர்க்கத்துக்குப் போயிடும், அதனால அழக்கூடாது, பாட்டுப் பாடி சாப்பிட்டுக் கொண்டாடணும்ங்கறது அங்கத்த கிராம நம்பிக்கை.

இப்ப படத்த பெருசு பண்ணுங்க. ஒரு ஓரத்துல இருந்து ஆரம்பிச்சு மெதுவா நகத்திக்கிட்டே போங்க. மரச்சட்டம் போட்ட ஏழை வீடு, மேல உத்தரத்துல இருந்து சோளமும் வாழைக்காயும் தொங்குது, ஒருத்தர் வாத்தியம் வாசிக்கறார், சிலர் குடிச்சிட்டு சிரிக்கறாங்க, பிள்ளைங்க தரைல உருண்டு கெடக்கறாங்க, நாய் வேற நடுவுல ஓடுது, நடுவுல கம்புல கோத்த முழுப் பன்னி வறுவலத் தூக்கிட்டு வர்றாங்க, அங்க இருக்கற பாதிரியார் கண்ணு அந்தப் பன்னி மேலதான் இருக்கு. இவ்ளோ கூச்சல்லயும் மேஜை மேல, வெள்ள லேஸ் துணி மேல, பூவெல்லாம் வச்சு அந்தக் குழந்தை கெடக்கு, அது பக்கம் யாரும் திரும்பக்கூட இல்ல. ஒரே ஒருத்தர், வயசான கறுப்பினத்தவர், தடிய ஊனிக்கிட்டு நின்னு குழந்தைய மட்டும் பாத்துக்கிட்டு இருக்கார். புவெர்ட்டோ ரிக்கோல அடிமைமுறை ஒழிஞ்சது 1873ல, படம் முடிஞ்சது அதுக்கு 20 வருஷம் கழிச்சு, அப்ப அந்தத் தாத்தா எந்த வாழ்க்கை வாழ்ந்துட்டு வந்து அங்க நிக்கறார்னு நீங்களே யோசிச்சுக்கலாம்.

இந்தப் படத்துக்கு ஒரு அரை மணி நேரமாவது குடுங்க. ஓயேர் பாரிஸ்ல இருந்து ஓவியம் கத்துக்கிட்டவர், இந்தச் சடங்கு மேல அவருக்கு மரியாதை கெடையாது, கண்டிக்கறதுக்காகத்தான் வரைஞ்சார். ஆனாலும் அந்த வீட்டுல இருந்த ஒவ்வொரு பொருளையும் விடாம வரைஞ்சிருக்கார் பாருங்க, அதனாலதான் அவர் கண்டிச்சது பின்னாடி போயி இன்னிக்கு அந்த ஊர்க்காரங்க இத தங்களோட படம்னு சொல்றாங்க.

அடுத்து, தூரத்த அளந்து பாக்கறது

ஓயேரோட பாரிஸ் நண்பர் ஒருத்தர், கமீல் பிசாரோ. இம்ப்ரஷனிஸ்ட்னு, அதாவது வெளிச்சத்த அப்பப்ப கண்ணுக்குத் தெரியற மாதிரியே வரைஞ்ச கூட்டத்துல ஒருத்தர்னு எல்லா புக்லயும் வருவார், ஆனா அவர் பொறந்தது 1830ல செயின்ட் தாமஸ் தீவுல, அப்ப அது டென்மார்க்கோட காலனி. துறைமுகத்துல குடும்பக் கடைல வேலை பாத்தவர், 1855ல பாரிஸ் போனவர் திரும்பி வரவே இல்ல. 1856ல, அதாவது பாரிஸ்ல உக்காந்துக்கிட்டு, செயின்ட் தாமஸ் கடற்கரைல ரெண்டு பொண்ணுங்க நின்னு பேசிக்கிட்டிருக்கறத வரைஞ்சார். வாஷிங்டன் நேஷனல் கேலரி ஆஃப் ஆர்ட்ல இருக்கு, அவங்க சைட்ல நல்ல பெரிய சைஸ்லயே ஃப்ரீயா டவுன்லோட் பண்ணலாம். ஒருத்தி தலைல கூடை, இன்னொருத்தி கைல, தூரத்துல கரையோரம் இன்னும் சில ஆளுங்க. ஆளுங்கள விட வெளிச்சத்த கவனிங்க, அந்தப் பாதை மேல விழற வெளிச்சம் ஊர விட்டு வந்து ஞாபகத்துல வச்சிருக்கற ஒருத்தரோட வெளிச்சம். அந்தத் தீவுல அடிமைகளுக்கு விடுதலை கெடச்சது 1848 ஜூலைல, அந்தப் பொண்ணுங்க அப்டி சாவகாசமா நின்னு பேசறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

அப்பறம் ஃப்ராங்க் போலிங். 1934ல, தென் அமெரிக்கா கரைல இருக்கற கயானால பொறந்து, நியூ ஆம்ஸ்டர்டாம்ங்கற ஊர்ல வளந்து, 1953ல லண்டன் போனவர், பின்னாடி நியூயார்க். அவரோட அம்மா நடத்தின கடையும் வீடும் ஒரே கட்டடம், மேல போலிங்ஸ் வெரைட்டி ஸ்டோர்னு போர்டு. அந்த வீட்டோட ஃபோட்டோவ சில்க் ஸ்க்ரீன்ல, அதாவது சல்லடைத் துணி வழியா மை தள்ளி அச்சடிக்கற முறைல எடுத்து 1960கள்ல கேன்வாஸ் மேல மறுபடி மறுபடி அச்சடிச்சார். 1966ல வரைஞ்ச கவர் கேர்ள் படத்துல முன்னாடி ஸ்டைலா ஒரு மாடல் நிக்கறா, மேல பாத்தா அம்மா வீடு லேசா மெதக்குது. 1968ல தென் அமெரிக்கா மேப் மேலயே அந்த வீட்ட வச்சார். அதுக்கப்பறம் வந்த பெரிய பெரிய மேப் படங்கள்ல வீடு மெல்லக் கரைஞ்சு கலர் மட்டும் நிக்கும். அப்ஸ்ட்ராக்ட் ஓவியம், அதாவது உருவம் இல்லாம கலரும் வடிவமும் மட்டும் இருக்கற படம், புரியாதுன்னு ஒதுங்கறவங்க இந்த வரிசைலயே பாத்துட்டு வந்தீங்கன்னா, அந்தக் கலருக்கு அடில ஒரு வீடு இருந்துச்சுங்கறது தெரிஞ்சுதான் பாப்பீங்க, அப்ப பயம் போயிடும்.

மூணாவது இன்னும் தூரம். ஹர்வின் ஆண்டர்சன் பொறந்ததே இங்கிலாந்து பர்மிங்காம்ல, 1965ல, அப்பா அம்மா ஜமைக்கா. விண்ட்ரஷ் கப்பல் 1948 ஜூன்ல டில்பரி துறைமுகத்துக்கு வந்ததுக்கு அப்பறம் கரீபியன்லருந்து நெறைய பேர் அங்க போனாங்க, வெள்ளக்காரங்க சலூன்ல அவங்களுக்கு எடமும் இல்ல அவங்க முடி வெட்டவும் அங்க யாருக்கும் தெரியாது, அதனால வீட்டு மாடி அறைலயே சலூன் வச்சுக்கிட்டாங்க. அப்டி ஒரு அறையத்தான் 2006லருந்து ஆண்டர்சன் திரும்பத் திரும்ப வரைஞ்சார். நீலச் சுவரு, கண்ணாடி, நாற்காலி. ஒரு படத்துல ஆளே இல்ல. இன்னொண்ணுல வெள்ளத் துணி போத்தி ஒருத்தர் நமக்கு முதுகு காட்டி உக்காந்திருக்கார், மொகம் கடைசி வரைக்கும் தெரியாது. சில படங்கள்ல சாமானெல்லாம் கொறைஞ்சு கொறைஞ்சு வெறும் நீலக் கட்டங்களா ஆயிடுது. தானே வாழாத ஒரு தீவோட ஞாபகம் இந்த அறை வழியாத்தான் அவருக்கு வந்து சேந்திருக்கு. 2017ல பிரிட்டன்ல பெரிய கலை விருதான டர்னர் பிரைஸ் லிஸ்ட்லயும் அவர் பேர் இருந்துச்சு. இந்த சீரிஸ்ல கெடைக்கற படம் எல்லாத்தையும் பக்கத்துப் பக்கத்துல டேப் போட்டுப் பாருங்க, எது நிக்குது எது மறையுதுன்னு நோட்டுல எழுதுங்க.

யார் காசுக்கு வரைஞ்சது?

இத கேக்காம 18ஆம் நூற்றாண்டுப் படங்கள்கிட்ட போகாதீங்க. அகோஸ்டினோ ப்ரூனியாஸ்னு ஒரு இத்தாலிக்காரர், பிரிட்டிஷ் கவர்னர் ஒருத்தரோட டொமினிக்கா பக்கம் வந்து அங்கேயே 1796ல செத்துப்போனவர். சந்தை, துணி விக்கறவங்க, டான்ஸ், ஆத்துல துணி தொவைக்கறது, எல்லாம் அழகா இருக்கும். ஆனா தேடிப் பாருங்க, கரும்புத் தோட்டத்துல முதுகொடிஞ்சு வேல செய்யற ஆளு கண்ல படவே மாட்டான், சாட்டையும் இருக்காது. ஏன்னா வாங்கினவங்க தோட்ட முதலாளிங்க. இந்தக் காலனி அமைதியான எடம்னு காட்டணும் அவங்களுக்கு. அந்தக் காலத்துப் பொண்ணுங்க என்ன கட்டினாங்க என்ன வித்தாங்கன்னு தெரிஞ்சுக்க இந்தப் படங்கள விட்டா வேற வழி கம்மி, அதனால பாக்கணும், ஆனா இல்லாதது என்னன்னு சேத்துப் பாக்கணும்.

இங்க நமக்கு சம்பந்தம் உள்ள ஒரு விஷயமும் இருக்கு. இந்தப் பக்கத்துத் தீவுகள்ல பொண்ணுங்க தலைல கட்டற கட்டம் போட்ட துணிக்குப் பேரே மெட்ராஸ். நம்ம கரைலருந்து வியாபாரிங்க கப்பல்ல கொண்டுபோன பருத்தித் துணி, இன்னிக்கும் செயின்ட் லூசியா, டொமினிக்கா, மார்ட்டினிக், குவாடலூப்ல விழா உடுப்புல அதுதான். எந்தக் காலத்துப் படமா இருந்தாலும் கரீபியன் சந்தைக் காட்சின்னா தலைத்துணிய பெருசு பண்ணிப் பாருங்க.

துணிக்கு அப்பறம் ஆளுங்களும் போனாங்க. 1853லருந்து மார்ட்டினிக்குக்கும் 1854லருந்து குவாடலூப்புக்கும் பாண்டிச்சேரி, காரைக்கால் வழியா ஒப்பந்தக் கூலியா ஏத்தி அனுப்பினாங்க, குவாடலூப்புக்கு மட்டும் 40,000 பேருக்கு மேல. மாரியம்மன் கோயில் அங்க இன்னிக்கும் இருக்கு. அந்த வழில வந்தவங்கதான் கெல்லி சின்னப்பா மேரி, 1981ல குவாடலூப்ல பொறந்த ஓவியர். தன்ன ஆப்பிரிக்க வம்சம்னே நெனச்சு வளந்தவங்க, தன்னோட முன்னோர்கள் தென்னிந்தியால இருந்து வந்தவங்கன்னு அப்பறமாத்தான் புரிஞ்சுக்கிட்டாங்க. அவங்க படங்கள்ல ஒரு சின்னப் பொண்ணு வந்துக்கிட்டே இருப்பா, அவ தோல் மேலயே செடிகொடி படர்ந்திருக்கும், பாக்க தேவதைக் கதை மாதிரி ஆரம்பிச்சு கொஞ்ச நேரத்துல வயித்த கலக்கும். யாரும் எழுதி வைக்காத ஒரு குடும்ப ஞாபகத்த எப்டி வரையறதுன்னு அவங்க தேடறாங்க. தமிழ் படிக்கறவங்க கண்டிப்பா இவங்கள பாக்கணும்னு நான் கெஞ்சியே கேட்டுக்கறேன்.

லேபிள்ல இருக்கற சின்ன எழுத்தையும் படிங்க

படத்துக்குக் கீழ என்ன பெயின்ட், எது மேல வரைஞ்சதுன்னு போட்டிருப்பாங்க, தாண்டிப் போயிடாதீங்க. ஹைட்டில ஹெக்டர் இப்போலிட் வூடூங்கற அந்த ஊர் மதத்தோட பூசாரி, வீடு, கதவு, சாமானுக்கெல்லாம் பெயின்ட் அடிச்சுப் பொழச்சவர். மோன்ருயிங்கற ஊர்ல ஒரு பார் கதவுல பூவும் பறவையும் வரைஞ்சிருந்தார், அதப் பாத்துத்தான் டெவிட் பீட்டர்ஸ்ங்கற அமெரிக்கர், 1944ல போர்ட்டோ பிரின்ஸ்ல சாந்த்ர் தார்ட்னு கலைக்கூடம் ஆரம்பிச்சவர், அவரத் தேடிப் போனார். இப்போலிட் கோழி றெக்கையாலயும் வெரலாலயும்கூட வரைஞ்சவர், கேன்வாஸுக்குப் பதிலா அட்டை, கதவுக்கு அடிக்கற எனாமல் பெயின்ட். 1948ல செத்துட்டார், பேர் தெரிய வந்த பின்னாடி கெடச்சது ரெண்டு மூணு வருஷம்தான், அதுக்குள்ள வரைஞ்சது ஏராளம். அட்டைல எனாமல்னு லேபிள்ல படிச்சீங்கன்னா அவர்கிட்ட காசு எவ்ளோ இருந்துச்சு, தொழில் என்ன, ரெண்டுமே தெரிஞ்சுபோகும்.

ஜமைக்கால ஜான் டங்க்லி சலூன்காரர், கிங்ஸ்டன்ல கடை. சின்ன வயசுல பனாமா, கோஸ்டா ரிக்கா, கியூபான்னு வேலை தேடி அலைஞ்சவர். அவர் படங்கள் இருட்டு, பச்சையும் கறுப்பும், ராத்திரியா பகலான்னே சொல்ல முடியாது. கரீபியன்னா பளிச்சுனு இருக்கணும்னு நெனைக்கறவங்களுக்கு மொதல்ல இவரத்தான் காட்டணும். கிரெனடா பக்கம் கரியாக்கூங்கற குட்டித் தீவுல கனூட் கலிஸ்ட், ஃபிடில் வாசிக்கறவர், படகு கட்டறது, ஊர் விருந்து, மேளம், கடல்கன்னின்னு வரைஞ்சு ஒவ்வொரு படத்துக்குக் கீழயும் என்ன நடக்குதுன்னு தன்னோட ஸ்பெல்லிங்ல எழுதி வைப்பார். அந்த எழுத்தையும் படத்தோட சேத்தே பாருங்க.

கொஞ்சம் வரலாறு, கொஞ்சமே போதும்

ஹைட்டி சுதந்திரம் 1804, பிரிட்டிஷ் தீவுகள்ல சட்டப்படி அடிமைமுறை முடிஞ்சது 1834, முழு விடுதலை 1838, அதே 1838ல கயானாவுக்கு இந்தியக் கூலிகள், 1845ல ட்ரினிடாட்டுக்கு, ஜமைக்காவும் ட்ரினிடாடும் சுதந்திரம் 1962. இத நோட்டோட மொத பக்கத்துல எழுதி வச்சுட்டு எந்தப் படம் பாத்தாலும் வருஷத்த இதோட ஒட்டிப் பாருங்க. இது எல்லாத்துக்கும் அடில இருக்கறது சக்கரை. ஜமைக்காவோட ஆல்பர்ட் ஹூயி 1955ல வரைஞ்ச க்ராப் டைம்ல அறுவடை நேராவே தெரியும், வயல், ஆளுங்க, பின்னாடி ஃபேக்டரி. கியூபாவோட விஃப்ரெடோ லாம் 1943ல வரைஞ்ச த ஜங்கிள் நியூயார்க்ல மோமாங்கற நவீன ஓவிய மியூசியத்துல இருக்கு, பேர் காடுன்னு, ஆனா ஆளுங்கள மறைச்சு நிக்கற தண்டெல்லாம் கரும்பு. ரெண்டையும் ஒரே நாள்ல பாருங்க.

ஒரு படத்த மட்டும் மெதுவா பாக்கச் சொல்வேன். 1915லருந்து 1934 வரைக்கும் ஹைட்டி அமெரிக்கப் படை கைல இருந்துச்சு. எதுத்து நின்ன ஷார்ல்மாங் பெரால்ட்ட 1919ல கொன்னு, ஒடம்ப ஒரு கதவுல கட்டி நிறுத்தி ஃபோட்டோ எடுத்து, ஜனங்க பயப்படட்டும்னு நாடு முழுக்கப் பரப்பினாங்க. ஜனங்களுக்கு அது சிலுவைல தொங்கற ஏசுவா தெரிஞ்சுச்சு. காப் ஹைஷியன் ஊர் ஓவியர் ஃபிலோமே ஒபேன் அந்த ஃபோட்டோவ வச்சே படம் வரைஞ்சார், ஒரு தடவையோட விடல, 1970லயும் வரைஞ்சிருக்கார், சம்பவம் நடந்து 51 வருஷம் கழிச்சு. ஃபோட்டோல இல்லாத ஒரு ஆள அவர் சேத்தார், பக்கத்துல கறுப்பு உடுத்தி நிக்கற பெரால்ட்டோட அம்மா. ஃபோட்டோவையும் படத்தையும் பக்கத்துல வச்சுப் பாத்துட்டு, அந்த அம்மா அங்க வந்து நின்னதும் என்னென்ன மாறிடுச்சுன்னு எழுதுங்க. இந்த ஒரு பயிற்சி பத்து லெக்சருக்கு சமம்.

எங்க பாக்கறது

லண்டன் டேட் மியூசியம், மோமா, வாஷிங்டன் நேஷனல் கேலரி, ஹைட்டி ஓவியத்துக்கு அமெரிக்கால மில்வாக்கி ஆர்ட் மியூசியம், ப்ரூனியாஸுக்கு யேல் பிரிட்டிஷ் ஆர்ட் சென்டர், எல்லாரோட சைட்லயும் படங்க இருக்கு. ஜமைக்கா நேஷனல் கேலரி 1974லருந்து இயங்குது, அவங்க எழுதற குறிப்புகள் ரொம்ப தெளிவா இருக்கும், உள்ளூர்க்காரங்க சொல்றத மொதல்ல படிச்சுட்டு அப்பறம் வெளியூர் விமர்சனத்துக்குப் போறது நல்லது. சில படங்கள ஃபோட்டோல மட்டும்தான் பாக்க முடியும். போர்ட்டோ பிரின்ஸ் ஹோலி ட்ரினிட்டி கதீட்ரல்ல 1950, 51ல ஹைட்டி ஓவியர்கள் பைபிள் கதைய தங்க ஊர் ஜனங்கள வச்சே சுவர்ல வரைஞ்சாங்க, 2010 ஜனவரி பூகம்பத்துல 14 சுவரோவியத்துல மூணுதான் தப்பிச்சுது.

நீங்களும் வரையணும்னு தோணினா

ரெண்டு வழி சொல்றேன், ரெண்டும் இவங்ககிட்டருந்து எடுத்ததுதான். கிரெனடால பொறந்து லண்டன்ல வளந்த டென்சில் ஃபாரஸ்டர் 1980கள்ல ரெகேங்கற ஜமைக்கா பாட்டு போடற கிளப்புக்குள்ள போயி இருட்டுலயே ஸ்கெட்ச் போடுவார், ஒரு பாட்டு ஓடி முடியற நேரம்தான் ஒரு ஸ்கெட்ச்சுக்கு, அப்பறம் வீட்டுக்கு வந்து அத வச்சு பெரிய கேன்வாஸ் பண்ணுவார். நீங்க கல்யாண மண்டபத்துலயோ பஸ் ஸ்டாண்டுலயோ ஒரு பாட்டு நேரம் வச்சுக்கிட்டு இதப் பண்ணலாம், பேப்பரப் பாக்காம ஆளுங்களப் பாத்தே வரைங்க. இன்னொண்ணு போலிங் வழி: வளந்த வீட்ட ஃபோட்டோ பாக்காம ஞாபகத்துலருந்து வரைஞ்சுட்டு, அப்பறமா ஃபோட்டோவ எடுத்து ஒப்பிட்டுப் பாருங்க, ஆனா திருத்தாதீங்க. பெருசாகிப்போன ஜன்னலும் விட்டுப்போன கதவும்தான் உங்க படம்.

வாங்கற ஆசை இருக்கறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை மட்டும். ஹைட்டி ஸ்டைல்னு ஆன்லைன்ல விக்கறதுல ஒரே படத்த பல பேர் பாத்துப் பாத்து வரைஞ்சது நெறைய. வரைஞ்சவர் பேர், வருஷம், என்ன பெயின்ட், எது மேல, முன்னாடி யார்கிட்ட இருந்துச்சு, இந்த அஞ்சையும் எழுத்துல கேளுங்க. பின்பக்கத்து ஃபோட்டோவும் கேளுங்க, பழைய ஹார்ட்போர்டா புது கேன்வாஸான்னு அங்கதான் தெரியும். தர மாட்டேன்னு சொன்னா அலங்காரப் படத்துக்கு என்ன வெலையோ அத மட்டும் குடுங்க. இப்ப வரைஞ்சுக்கிட்டிருக்கற ஓவியர்னா அவரோட சொந்தப் பக்கத்துலயோ அவர் படம் வைக்கற கேலரிலயோ நேரா வாங்குங்க, காசு அவர் கைக்கே போகும்.